குதிநாணைப் பார்த்தவர்கள்

அக்கிலீஸின் குதிகால் ஹோமரிடம் இல்லை. இலியட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும், தாய் தெடிஸ் தன் குழந்தையை ஸ்டிக்ஸ் நதியில் முக்கியெடுக்கும் காட்சி அதில் கிடைக்காது. ஹோமரின் அக்கிலீஸ் மற்ற மனிதர்களைப் போலவே காயம்படக்கூடியவன். 21ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி அவன் கையைக் கீறி இரத்தம் வரவழைக்கிறது. நதியில் முக்கிய கதை நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் முதன்முதலாகக் கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் வருகிறது. அந்தப் பிற்காலக் கதையின் பெயர்தான் நம் ஒவ்வொருவர் காலின் பின்புறத்திலும், கெண்டைக்காலுக்கும் குதியெலும்புக்கும் நடுவில், விரலால் கிள்ளிப் பார்க்கக்கூடிய அந்தக் கயிற்றுக்கு வாய்த்தது.

பெயரிட்டவராகச் சொல்லப்படுபவர் லூவன் நகரத்து உடற்கூறியலாளர் ஃபிலிப் வெர்ஹெய்ன் (1648–1710). இறையியல் மாணவராக இருந்தபோது நோயால் இடது காலை இழந்தார். குருவாக முடியாமல் மருத்துவத்துக்கு வந்தார். 1693இல் வெளியான அவருடைய உடற்கூறியல் நூலில் அக்கிலீஸின் நாண் என்ற பெயர் வருகிறது. வெட்டி எடுக்கப்பட்ட தன் சொந்தக் காலையே பாடம்செய்து வைத்திருந்து, பின்னர் அதை அறுத்துப் பார்த்துத்தான் இந்த நாணைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் மிக மெலிது. ஆனாலும் ஓவியர்களும் நாவலாசிரியர்களும் அதை விடவில்லை, விடவும் மாட்டார்கள்.

இங்கே சொல் குறித்து ஓர் இடைக்குறிப்பு. கிரேக்கத்தில் 'நியூரான்' என்ற சொல் முதலில் நாணையும் தந்தியையுமே குறித்தது. உணர்வைக் கடத்தும் நரம்பு என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழிலும் அதே குழப்பம். சங்கப் பாடல்களில் நரம்பு என்றால் யாழின் தந்தி. இன்றோ இரத்தக்குழாய் புடைத்தாலும் நரம்பு, உணர்வு மரத்தாலும் நரம்பு, குதிகால் இழுத்துக்கொண்டாலும் நரம்பு. கலைச்சொல் ஆக்கியவர்கள் 'தசைநாண்' என்று பிரித்தது நல்ல காரியம். நாண் என்பது வில்லின் கயிறு. அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் இயற்பியலை எண்ணி அப்படிச் செய்தார்களா என்று தெரியாது. ஆனால் குதிநாண் செய்யும் வேலை வில்லின் வேலையேதான். ராபர்ட் மெக்நீல் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் 1987இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், ஓடும் மனிதனின் ஒவ்வொரு காலடியிலும் கைமாறும் ஆற்றலில் ஏறத்தாழ 35 சதவீதத்தைக் குதிநாண் இழுபட்டுச் சேமித்துத் திருப்பித் தருகிறது என்று கணக்கிட்டார்கள். பாதத்தின் வளைவு இன்னும் 17 சதவீதம். ஓட்டம் என்பது பாதிக்குப் பாதி ஸ்பிரிங் வேலை. பின்லாந்தில் பாவோ கோமி இந்த நாணைச் சுற்றி ஒரு சிறு உலோக அளவுமானியைப் பொருத்தி, வேகமாக ஓடும்போது உடல் எடையைப் போல் 12.5 மடங்கு விசை அதன்மேல் விழுவதைப் பதிவுசெய்தார். ஒரு மாரத்தானில் இருபதாயிரம் தடவைக்குமேல் ஒவ்வொரு காலும் தரையைத் தொடுகிறது. இப்படி உழைக்கும் ஓர் உறுப்பு உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டாமா? பார்ப்பதற்கு நெடுங்காலம் கத்தி ஒன்றே வழியாக இருந்தது.

1895 நவம்பர் 8ஆம் தேதி ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அவர் மனைவியின் கையெலும்பும் மோதிரமும் பதிந்த படம் சில வாரங்களில் உலகப் புகழ் பெற்றது. எலும்பு தெரிந்தது; எலும்பை அசைப்பது தெரியவில்லை. தசையும் நாணும் கொழுப்பும் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 1939இல் ஹான்ஸ் காகர் என்ற மருத்துவர் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். கணுக்காலைப் பக்கவாட்டில் படமெடுத்தால், குதிநாணுக்கு முன்னால் இருக்கும் கொழுப்புத் திட்டு சற்றே கருத்த முக்கோணமாகத் தெரியும். நாண் அறுந்தால் அந்த முக்கோணத்தின் விளிம்பு கலங்கிவிடும். நாணைப் பார்க்க முடியாவிட்டாலும் அதன் அண்டைவீட்டைப் பார்த்து அங்கே நடந்ததை ஊகிக்கலாம். காகரின் முக்கோணம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

உண்மையில் நாணைக் காட்டியது ஒலி. அதன் பூர்வீகம் மருத்துவமனை அல்ல, இரும்புத் தொழிற்சாலை. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், கொதிகலன்களின் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவி ஒன்றில், 1955இல், தன் நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகளை வைத்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்குக் கொஞ்சம் மாட்டிறைச்சியையும் வைத்தாராம். 1958இல் லான்செட்டில் அவருடைய கட்டுரை வந்தது. கருவிலிருக்கும் குழந்தைகளைக் காட்டிய அந்த ஒலி குதிகாலுக்கு வந்துசேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. தோலுக்கு மிக அருகில் இருக்கும் மெல்லிய பொருளைப் பார்க்க உயர் அதிர்வெண் வேண்டியிருந்தது. அத்தகைய கருவிகள் 1980களில்தான் பரவின.

அப்போதும் மனிதனுக்கு முன்னால் குதிரை முந்திக்கொண்டது. பந்தயக் குதிரையின் முன்னங்கால் நாண் பழுதானால் அதன் உரிமையாளர் இழப்பது பெரும் பணம். நார்மன் ரான்டனென் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1982இலேயே குதிரைக்கால்களை இப்படிப் பார்ப்பது பற்றி எழுதினார். மனிதக் குதிநாணின் ஒலிப்படங்களைப் பற்றிப் புரூனோ ஃபோர்னாஜ் எழுதிய, பின்னர் பலரும் மேற்கோள் காட்டிய கட்டுரை 1986இல் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் இதே கதைதான்: நாணின் இழைகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்பதை நான்கு நிறங்களில் பிரித்துக் காட்டும் முறையை உருவாக்கிய டச்சுக்காரர் வான் ஸ்கி, அதையும் முதலில் குதிரைகளுக்காகவே செய்தார். ஓடும் மனிதர்களைப் பற்றிய அறிவில் கணிசமான பங்குக்குச் சூதாட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

காந்த அதிர்வுப் படத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. லாட்டர்பர் 1973, மான்ஸ்ஃபீல்ட், 2003இன் நோபல் பரிசு, அதில் விடுபட்ட டமாடியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கோபித்துக்கொண்டது என எல்லாம் வாசகர்கள் அறிந்ததே. நமக்கு வேண்டிய செய்தி வேறு. எம்.ஆர்.ஐ. பார்ப்பது உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜனை. நாணிலும் நீர் உண்டு. ஆனால் அது கொலாஜன் இழைகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் சமிக்ஞை ஆயிரத்தில் ஓரிரு விநாடிக்குள் அணைந்துவிடும். வழக்கமான கருவி கேட்கத் தொடங்கும்போது நாண் பேசி முடித்திருக்கும். ஆகவே ஆரோக்கியமான குதிநாண் எம்.ஆர்.ஐ. படத்தில் வெறும் கறுப்பு. உள்ளே ஏதாவது வெளுத்துத் தெரிந்தால் அங்கே இழை குலைந்து நீர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வேறுவிதமாகச் சொன்னால், கருவி நாணைக் காட்டவில்லை, அதன் கேட்டை மட்டுமே காட்டுகிறது. அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு: காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 பாகைச் சாய்வில் நாண் அமைந்துவிட்டால் நல்ல நாணும் வெளுத்துத் தெரியும். இதற்கு 'மாயக் கோணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேளா ஒலியிலும் இதேபோல, கையிலிருக்கும் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நல்ல நாணில் கரும்பள்ளம் தோன்றும். பார்ப்பவரின் கைச்சாய்வு பார்க்கப்படுபவரின் நோயாகிவிடக்கூடிய இடம் இது.

*

இனி ஓடுபவர்களுக்கு வருவோம். 1970களின் நடுவில் தொடங்கி மேலைநாடுகளில் நடுவயதினர் லட்சக்கணக்கில் தெருக்களில் ஓடத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குக் குதிநாண் வலித்தது; தடித்தது; காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் நரகமாயின. மருத்துவர்கள் இதை அழற்சி என்றார்கள். பெயரிலேயே சிகிச்சை இருந்தது: ஓய்வு, அழற்சி தணிக்கும் மாத்திரை, பிறகு ஊசி. ஆனால் அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்தவர்களுக்கு அழற்சியின் செல்கள் அங்கே பெரிதாகக் கிடைக்கவில்லை. 1976இல் இத்தாலியரான புத்துவும் சகாக்களும் இதை அழற்சி என்று சொல்லாமல் நாண் சிதைவு என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெயர்மாற்றம் மருந்துச்சீட்டுகளை எட்ட இருபது ஆண்டுகள் பிடித்தன. (கடந்த பத்தாண்டில் அழற்சியின் சில தடயங்களை ஆக்ஸ்ஃபோர்டில் மீண்டும் கண்டிருக்கிறார்கள். மருத்துவத்தில் எந்தச் சொல்லையும் அவசரப்பட்டுப் புதைக்கக் கூடாது.)

இந்த வரலாற்றின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் வட சுவீடனின் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சனைச் சொல்லலாம். அவரும் ஓடுபவர், அவருக்கும் குதிநாண் வலி. அவரே பலமுறை சொன்ன கதை இது. 1990களின் நடுவில் தன் மேலதிகாரியிடம் சென்று அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். நீ வாரக்கணக்கில் விடுப்பில் போனால் இங்கே வேலை நடக்காது, நாண் அறுந்தால் வா, பார்க்கலாம் என்று பதில் வந்தது. சரி, அறுத்துவிட்டே வருகிறேன் என்று அவர் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதிகாலைக் கீழே கீழே இறக்கத் தொடங்கினார். வலிக்க வலிக்கச் செய்தார். முதுகில் பாரம் ஏற்றிக்கொண்டு செய்தார். நாண் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது.

விளையாட்டாகச் சொல்லப்படும் கதை என்று இதை விட்டுவிடலாம். 1998இல் அவர் வெளியிட்ட கட்டுரையை அப்படி விட முடியாது. வலியால் ஓடவே முடியாதிருந்த 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள், சராசரி வயது 44. ஒரு நாளைக்கு 180 முறை குதிகால் இறக்கம், வாரத்துக்கு ஏழு நாள், 12 வாரம். 15 பேரும் பழையபடி ஓடினார்கள். இதே நோயோடு வழக்கமான சிகிச்சை பெற்ற வேறு 15 பேரில் ஒருவருக்கும் அது பலிக்கவில்லை. அத்தனை பேரும் கடைசியில் அறுவை மேசைக்குப் போனார்கள். குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, எண்ணிக்கையும் சிறியது. நாணுக்குப் பாரம் கொடுத்துச் சரிசெய்யும் எண்ணத்தைக் கனடாவின் வில்லியம் ஸ்டானிஷ் 1980களிலேயே முன்வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் 'ஓய்வு எடு' என்ற கட்டளையை 'பாரம் சும' என்று மாற்றியது இந்தக் கட்டுரைதான்.

அடுத்து அவர்கள் படத்தைக் கையிலெடுத்தார்கள். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்தபோது, வலிக்கும் நாணின் தடித்த பகுதிக்குள் புதிய நுண்குழாய்கள் புகுந்திருப்பது தெரிந்தது. நல்ல நாணில் இவை இல்லை. குழாயோடு நரம்பும் உள்ளே வருகிறது, அதுதான் வலி என்றார்கள். 2004இல் லார்ஸ் ஓபெர்கும் ஆல்ஃபிரட்சனும், பயிற்சி செய்தவர்களைச் சராசரியாக 3.8 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 26 நாண்களில் 19 ஒலிப்படத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தன. கால்வலி போனது, படமும் சீரானது. கேட்பதற்கு எவ்வளவு திருப்தியான கதை!

மற்ற ஊர்களிலிருந்து வந்த எண்கள் அந்தத் திருப்தியைக் குலைத்தன. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், வலிக்கும் 57 நாண்களில் 37 மட்டுமே ஒலிப்படத்தில் பழுதாகத் தெரிந்தன; மீதி 20 பார்க்க நன்றாகவே இருந்தன. வலிக்காத 28இல் 19 நன்றாக இருந்தன. ஒன்பது பழுது, அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அதாவது மூன்றில் ஒரு பங்கு படங்கள் ஆளைப் பற்றிப் பொய் சொல்கின்றன. 2012இல் ஜெர்மனியில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட வலியற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களை டாப்ளரில் பார்த்துவிட்டு ஓராண்டு காத்திருந்தவர்கள், நாணுக்குள் இரத்த ஓட்டம் தெரிந்தவர்களுக்குப் பின்னர் வலி வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் அப்படித் தெரிந்த எல்லோருக்கும் வலி வந்துவிடவில்லை. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. பல வேளைகளில் தீ இல்லை.

ஆஸ்திரேலியாவின் ஜில் குக், ஷான் டாக்கிங் இருவரும் 2016இல் குதிரைக்காரர்களின் அந்த நான்கு நிற முறையைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள். பழுதான நாணில் குலைந்த பகுதி உண்டு. ஆனால் நாண் மொத்தமாகத் தடித்துவிடுவதால், ஒழுங்காக அடுக்கிய நல்ல இழையின் அளவு ஆரோக்கியமான நாணில் இருப்பதைவிடக் குறைவதில்லை. தடிப்பு நோயின் அடையாளம் மட்டுமல்ல, உடல் கண்ட ஈடுகட்டலும்கூட. துளையைக் கவனிக்காதே, சுற்றியிருக்கும் டோனட்டைக் கவனி என்பது அவர்கள் சொன்ன உவமை. நம்மவர்களுக்கு வடை என்றால் போதும். கதிரியக்க அறிக்கைகள் இன்றுவரை துளையின் அளவைத்தான் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதுகின்றன. சுற்றியிருக்கும் வடையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஓடவே கூடாதோ என்று உட்கார்ந்துவிடுபவர்களை எண்ணிப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

*

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒரு லாரியில் நடந்தது. 2009 ஏப்ரல் 19ஆம் தேதி தென் இத்தாலியின் துறைமுகமான பாரியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கினார்கள். சேருமிடம் நார்வேயின் வடமுனை. 64 நாள், 4,487 கிலோமீட்டர், ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. தினமும் சராசரி 70 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை மாரத்தானுக்குமேல். இரவில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுக்கை. இவர்களின் பின்னால், உல்ம் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஊவ் ஷுட்ஸும் குழுவினரும் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 44 பேர் ஆய்வுக்கு ஒப்பினார்கள். எழுபது கிலோமீட்டர் ஓடி முடித்தவர்கள் சில நாட்களுக்கு ஒருமுறை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்தார்கள். அசையாமல் படுப்பது அவர்களுக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

செய்தித்தாள்கள் தூக்கிப் பிடித்தது மூளையை: சாம்பல்நிறப் பகுதியின் பருமன் ஓட்டத்தின்போது ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தது, எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. கணுக்கால், பாத மூட்டுகளின் குருத்தெலும்பு முதல் கட்டத்தில் தேய்வின் அடையாளம் காட்டி, பின்னர் ஓட்டம் தொடரும்போதே தேறத் தொடங்கியது. ஓய்வில்லாமல் குருத்தெலும்பு தேறாது என்பது அதுவரையிலான நம்பிக்கை. குதிநாண் பற்றிய பகுதி 22 பேரின் பாதங்களை வைத்து 2012இல் வெளியானது. நாணின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டரிலிருந்து 8ஐ நெருங்கியது. எலும்பில் நீர்க்கோர்ப்பு, தோலடியில் வீக்கம், எல்லாம் உண்டு. ஆனால் பயந்த அளவுக்குச் சேதம் இல்லை.

ஒரு மில்லிமீட்டர். அது வளர்ச்சியா, வீக்கமா? ஓடுபவர்களின் குதிநாண், முக்கியமாகக் குதியெலும்பை ஒட்டிய கீழ்ப்பகுதி, ஓடாதவர்களின் நாணைவிடப் பருத்தது என்று கோபன்ஹேகனில் பீட்டர் மாக்னுசனும் மைக்கேல் கியாரும் 2003இலேயே அளந்து காட்டியிருந்தார்கள். அப்படியானால் நாண் வளரும் என்று தோன்றும். ஆனால் அதே கோபன்ஹேகன் குழு பத்தாண்டு கழித்து வேறோர் இடத்திலிருந்து இதற்கு நேர்மாறான விடையோடு வந்தது.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14இன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. தடை ஒப்பந்தத்துக்குப் பின் அது ஆண்டுதோறும் படிப்படியாக இறங்கிவந்தது. அந்தக் காற்றில் வளர்ந்த பயிரை உண்டவர்களின் உடலில், திசு எந்த ஆண்டு கட்டப்பட்டதோ அந்த ஆண்டின் முத்திரை விழுந்தது. கத்யா ஹைன்மையரும் குழுவினரும் 2013இல் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிநாணின் நடுப்பகுதியை எடுத்து அந்த முத்திரையைப் படித்தார்கள். தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாண் அப்படி இல்லை. பிறந்து முதல் 17 ஆண்டுகளுக்குள் கட்டப்பட்ட கொலாஜன், அதற்குப் பிறகு ஏறக்குறைய மாறாமல் அப்படியே இருந்தது. ஐம்பது வயதில் மாரத்தான் ஓடுபவர் பள்ளியிறுதி வகுப்பில் கட்டி முடித்த கயிற்றில்தான் ஓடுகிறார். அப்படியெனில் வடமுனை ஓட்டக்காரர்களின் அந்த ஒரு மில்லிமீட்டரில் பெரும்பகுதி நீராக இருக்க வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன். பருத்த நாணுடைய ஓட்டக்காரர்கள் இளமையிலேயே அதைச் சேர்த்துக்கொண்டவர்களாகவோ, நாணின் வெளிப்புறத்தில் மட்டும் சேர்த்தவர்களாகவோ இருக்கலாம். ஹைன்மையர் பார்த்தது நடுப்பகுதியை மட்டுமே.

அதே முறையை அவர்கள் நோயுற்ற நாண்களுக்கும் பயன்படுத்தி 2018இல் எழுதினார்கள். அங்கே முத்திரை வேறாக இருந்தது. நல்ல நாணில் நின்றுபோயிருந்த கட்டுமானம் இவற்றில் நிற்கவே இல்லை. கொலாஜன் தொடர்ந்து கழிந்தும் புதிதாகச் சேர்ந்தும் வந்திருந்தது. அது வலி தொடங்கிய நாளிலிருந்து அல்ல, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே. வலிக்கு முன் நெடுங்காலம் மௌனமாக நடந்த ஒரு நோயா, அல்லது நாண் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்களுக்குத்தான் பின்னால் வலி வருகிறதா என்பதை அந்த முத்திரையால் சொல்ல முடியவில்லை. அந்த நாண்களின் சொந்தக்காரர்களை வலிக்கு முன் யாரும் படம் எடுத்திருக்கவில்லை.